டெவன் இயற்கைப் பண்ணையில் 5.5 மீட்டர் யர்ட்: தளம் முதல் குளிர்காலச் சேமிப்பு வரை

யர்ட் என்பது மரச்சட்டகத்தின் மேல் துணி போர்த்திய வட்டக் கூடாரம். அது தொன்றுதொட்டுப் புழங்கும் மங்கோலியாவில் குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனால் காற்று வறண்டது. உலான்பத்தாரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே 300 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவனில் தாழ்வான பகுதிகளிலேயே ஏறத்தாழ 1,000 மி.மீ. பெய்யும், டார்ட்மூர் மேட்டில் அதைப்போல் இரு மடங்கு. அதனால் இங்கே யர்ட் கட்டுகிறவர் குளிரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட ஈரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். தளத்தின் அளவு, மரத்தின் தேர்வு, கட்டும் நாடா, அடுப்பு, சோலார், கழிப்பறை என எல்லாமே கடைசியில் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

இங்கே பதிவு செய்வது 5.5 மீட்டர் விட்டமுள்ள யர்ட். சான்று பெற்ற இயற்கை வேளாண் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில், மின் இணைப்பும் சாக்கடை இணைப்பும் இல்லாமல், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் தங்கும்படியான கிளாம்பிங் (வசதிகளோடு கூடிய முகாம்) கூடாரம். தரைப்பரப்பு 23.8 சதுர மீட்டர், சுற்றளவு 17.3 மீட்டர். சுவர் உயரம் 1.6 மீட்டர், நடுவில், கூரைக் கழிகள் எல்லாம் வந்து சேரும் உச்சி வளையம் ஏறத்தாழ 3.3 மீட்டரில் நிற்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல், ஓர் ஆண்டில் 60 நாட்கள் வரை, அதிகபட்சம் 50 கூடார இடங்களுக்கு, முழுத் திட்ட அனுமதி இல்லாமல் தற்காலிக முகாம் நடத்தலாம். ஒவ்வோர் ஆண்டும் உள்ளாட்சித் திட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்கு மேல் ஓட்ட நினைத்தால் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். மரத்தளத்தை நிரந்தரக் கட்டுமானம் என்று அவர்கள் கருத இடமுண்டு. கான்கிரீட் ஊற்றாமல், கழற்றி எடுக்கக்கூடிய அடித்தளம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடம்

மரத்தடி நிழல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழை நின்ற பிறகும் இலை சொட்டிக்கொண்டே இருக்கும், கேன்வாஸ் காயாது, ஒரே பருவத்தில் பச்சைப் பாசி படிந்துவிடும். ஒடிந்து விழும் கிளை வேறு. மரங்களில் இருந்து குறைந்தது ஒரு மரத்தின் உயரம் தள்ளி, காலை வெயில் நேராக விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கில் இருந்து வரும். ஆகவே வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கி இருக்கட்டும். தென்மேற்குப் பக்கம் டெவனுக்கே உரிய மண்கரை வேலி ஒன்று 15, 20 மீட்டர் தள்ளி இருந்தால் அதைவிட நல்ல காற்றுத்தடுப்பு கிடையாது.

பள்ளத்தில் போடாதீர்கள். கோடையில் சமமாகத் தெரியும் பச்சைத் திட்டு, நவம்பரில் குளமாக நிற்கும். கோரைப்புல் வளர்ந்திருந்தால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

தளம்

பத்து இரும்புத் திருகுத் தூண்கள் போதும். நடு உத்திரத்துக்கு 1.6 மீட்டர் இடைவெளியில் நான்கு, இரு பக்கத்து உத்திரங்களுக்கும் தலா மூன்று. உத்திரங்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று 1.9 மீட்டர் தள்ளி இருக்கும். டெவன் மண்ணில் ஓரடிக்குக் கீழேயே உடைந்த பாறைத்தகடுகள் வந்துவிடும். திருகு அதில் மோதினால் நேராக இறங்காமல் சாய்ந்துகொண்டு போகும். அப்படிச் சாயத் தொடங்கியதும் பலம் கொடுத்துத் திருகாமல், வெளியே எடுத்து, கடப்பாரையாலோ பாறைத் துளைப்பானாலோ முன்துளை போட்டுவிட்டு மறுபடி இறக்க வேண்டும். மட்டம் பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். 5.5 மீட்டர் தூரத்துக்குச் சிறிய ரசமட்டத்தை நம்பினால் பிழை கூடிக்கொண்டே போகும். பத்துத் தூண் தலைகளும் 3 மி.மீ.க்குள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

உத்திரம் ஒவ்வொன்றும் 47 × 150 மி.மீ. சட்டம் இரண்டை ஒட்டிப் போல்ட் போட்டது. அதன் மேல் அதே அளவுச் சட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில். மரம் லார்ச் அல்லது டக்ளஸ் ஃபிர், ரசாயனம் ஏற்றாதது. ரசாயனம் ஏற்றிய மரம் அதிக நாள் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் துண்டு துணுக்கை அடுப்பில் எரிக்கக் கூடாது, உரக்குழியிலும் போட முடியாது. பண்ணையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தரையில் படாமல், அடியில் 30 செ.மீ. காற்றோட்டம் விட்டால் லார்ச் நன்றாகவே தாங்கும்.

சட்டங்களுக்கு அடியில் முதலில் 6 மி.மீ. கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை. இதை விட்டுவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே எலிகள் உள்ளே குடிபுகுந்து, குளிர்தடுப்புக் கம்பளியைக் கூடாக்கிவிடும். வலையின் மேல் காற்று புகாத, ஆவி போகக்கூடிய தாள், அதன் மேல் 100 மி.மீ. ஆட்டுக் கம்பளி மெத்தை, பிறகு 22 மி.மீ. தரைப்பலகை. வட்டத்தில் வெட்டி எறிவது அதிகம் என்பதால் 27 சதுர மீட்டர் பலகை வாங்குங்கள்.

பலகை முழுவதும் அடித்த பிறகு நடுவில் ஓர் ஆணி. 2.75 மீட்டரில் துளையிட்ட நீளமான ரீப்பரை அதில் மாட்டிச் சுற்றி வட்டம் வரையுங்கள். ஜிக்ஸாவால் (வளைவாக அறுக்கும் மின்வாள்) அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். அந்த நடு ஆணியைப் பிடுங்கிவிடாதீர்கள். சட்டகம் நிறுத்தும்வரை அளவெல்லாம் அங்கிருந்துதான்.

அதிகம் பேர் சறுக்குவது தள விளிம்பில்தான். காலையில் வெளியே உட்கார்ந்து தேநீர் குடிக்க வசதியாக இருக்கும் என்று தளத்தை யர்ட்டைவிட அரை மீட்டர் பெரிதாகப் போடுகிறார்கள். 10 மி.மீ. மழை பெய்தால் இந்தக் கூரையில் இருந்து ஏறத்தாழ 240 லிட்டர் தண்ணீர் சுவரோரமாக இறங்கும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அத்தனையும் பலகையில் விழுந்து, சுவர்த்துணிக்கு அடியில் ஊறி, உள்ளே வந்துவிடும். மரப்பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டிய பின்னல் சுவரின் அடிநுனிகள் முதலில் அழுகும், அடுத்தது தரை. எனவே தளம் சட்டகத்தின் வெளிவிளிம்போடு சரியாக முடிய வேண்டும். அதன் பக்கவாட்டில் 6 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையை 20 செ.மீ. அகலத்தில் வளைத்து அடியுங்கள். சுவர்க் கேன்வாஸ் தளமட்டத்தைத் தாண்டி 12 முதல் 15 செ.மீ. கீழே, அந்தப் பட்டையின் மேல் தொங்கட்டும். திண்ணை வேண்டுமென்றால் வாசல் பக்கம் மட்டும், தனிச் சட்டமாக, 5 செ.மீ. தாழ்வாக, 2 செ.மீ. இடைவெளி விட்டுப் போடலாம். விழும் தண்ணீர் தேங்காமல் இருக்கச் சுற்றிலும் 30 செ.மீ. அகலத்தில் ஜல்லிக் கால்வாய்.

பின்னல் சுவர்

சுவர்ப் பட்டைகள் 30 × 12 மி.மீ., நீளம் 2.2 மீட்டர். எண்ணிக்கை 80, உடைவதற்குக் கூடுதலாகப் பத்து. செஸ்நட் மரத்தைப் பிளந்து எடுத்த பட்டைதான் முதல் தேர்வு. ஈரத்தை நன்றாகத் தாங்கும், பிளக்கும்போது நார் அறுபடாது. ஆஷ் மரமும் வளைந்து கொடுக்கும், ஆனால் பிரிட்டனில் 2012-இல் கண்டறியப்பட்ட ஆஷ் கருகல் நோய் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. நோய்பட்டு நின்றபடியே காய்ந்த மரம் மொறமொறவென்று உடையும். கூரைக் கழிகளுக்கு ஆஷ் வாங்கினால் உயிருள்ள மரத்தில் இருந்து, பச்சையாக வெட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பட்டையிலும் எட்டுத் துளை: நுனியில் இருந்து 5 செ.மீ.யில் முதல் துளை, பிறகு 30 செ.மீ.க்கு ஒன்று. எட்டுப் பட்டைகளை அடுக்கி, கவ்வி இறுக்கி, அளவுப்பலகை வைத்து ஒரே தடவையில் 6 மி.மீ. துளை போடுங்கள். ஒன்றொன்றாக அளந்து போட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு கூடிக் கூடி, கடைசியில் பின்னல் மடங்காது; மடக்கினாலும் ஒரு பக்கம் இழுக்கும்.

முடிச்சுகள் முந்நூறுக்கு மேல் வரும். 4 மி.மீ. பாலியஸ்டர் கயிறு, இருபுறமும் முடிச்சு, நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். மங்கோலியாவில் தோல்வார் போடுவார்கள். டெவன் ஈரத்தில் பதப்படுத்தாத தோல் தளர்ந்துவிடும், எலிக்கும் பிடித்த தீனி. போல்ட் நட்டும் வேண்டாம்: துரு மரத்தைக் கருக்கும், தலைகள் கேன்வாஸை அறுக்கும்.

இந்த அளவில் பட்டைகள் தரையோடு 47 பாகை கோணத்தில் நிற்கும்போது சுவர் உயரம் 1.6 மீட்டர், மேல் கவடுகளுக்கு (பட்டைகளின் மேல்நுனிகள் குறுக்கிடும் இடங்கள்) இடையே ஏறத்தாழ 41 செ.மீ. 90 செ.மீ. வாசல் போக, மீதிச் சுற்றில் 40 கவடுகள் கிடைக்கும். வாசல் நிலைக்கு மேல் நான்கு கழி. ஆக மொத்தம் 44 கழி. உச்சி வளையத்தில் துளையிடும் முன் சுவரை ஒரு முறை தளத்தின் மேல் நிறுத்திக் கவடுகளை எண்ணிப் பார்த்துவிடுங்கள். கணக்கில் 40 என்றாலும் மரத்தில் 39 வரலாம்.

கழிகளும் உச்சி வளையமும்

மங்கோலியாவில் கெர் எனப்படும் யர்ட் வகையில் கழி நேராக இருக்கும், சரிவு குறைவு, வளையத்தை இரண்டு தூண்கள் தாங்கும். கிர்கிஸ் வகையில் கழியின் அடி வளைந்து, கூரை செங்குத்தாக ஏறும், நடுத்தூண் இருக்காது. மழைநாட்டுக்குக் கிர்கிஸ் வகையே ஏற்றது. நாங்கள் வைத்தது 35 பாகைச் சரிவு. 25 பாகைக்குக் கீழே போனால் மழைத் துளி வழிந்தோடாமல் துணியில் நின்று ஊறும். கிர்கிஸ்தான் நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பதும் இந்த உச்சி வளையம்தான். அதைச் செய்து முடிக்கும்போது அதற்கு அந்த மரியாதை தகும் என்று தோன்றும்.

கழி நீளம் 3 மீட்டர், தடிமன் 38 மி.மீ. ஆவியில் வேகவைக்க வேண்டியது அடிப்பகுதி 80 செ.மீ. மட்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி, சுவர்த்தாள் உரிக்கும் 2 கிலோவாட் ஆவிக் கருவி, வாயை அடைக்கப் பழந்துணி. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு; 38 மி.மீ.க்கு ஒன்றரை மணி. ஒரு தடவைக்கு ஆறு கழி. பெட்டியில் இருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள் அச்சில் ஏற்றி வளைத்துக் கட்டிவிட வேண்டும். விட்டதும் கொஞ்சம் நிமிரும் என்பதால் வேண்டிய கோணத்தைவிட 5 பாகை கூடுதலாக வளையுங்கள். சூளையில் உலர்த்திய மரம் எவ்வளவு ஆவி பிடித்தாலும் ஒடியும். நார் குறுக்காக ஓடும் கழி, வளைவின் வெளிப்புறத்தில் சிம்பு சிம்பாகப் பிளக்கும். 44 வேண்டுமென்றால் 50 தயார் செய்யுங்கள்.

வளையம் 1.2 மீட்டர் விட்டம். 12 மி.மீ. ஆஷ் பட்டைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து, தண்ணீர் தாங்கும் பாலியூரிதேன் பசையால் ஒட்டியது: கனம் 48 மி.மீ., உயரம் 70 மி.மீ. மேலே குவிமாடம் போலக் குறுக்கு வளைவுகள்.

அதில் 44 துளைகள், 25 × 25 மி.மீ., சதுரமாக. வட்டத் துளை போடுவது எளிது, டிரில்லில் முடிந்துவிடும். ஆனால் வளைந்த கழிக்கு வட்டத் துளை ஆகாது: பாரம் ஏறியதும் கழி தன் அச்சில் உருண்டு, வளைவு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒன்று உருண்டால் பக்கத்துக் கழியின் மேல் பாரம் போகும். அப்படியே மொத்தக் கூரையும் திருகிக்கொண்டு இறங்கும். சதுரத் துளையும், அதில் நுழையும்படி கழியின் நுனியில் செதுக்கிய சதுரக் கழுந்தும் அந்த உருளலைத் தடுக்கின்றன. துளை கழியின் சரிவுக்கு ஏற்ப 35 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அந்தக் கோணத்தில் ஒரு மரக்கட்டையைச் சீவி, வளையத்தின் மேல் வைத்து, டிரில்லை அதில் சாய்த்துக்கொண்டு நான்கு மூலையிலும் துளை போட்டு, மீதியை உளியால் எடுக்கலாம். ஒரு துளைக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்படக் கூடாத வேலை. கழுந்தின் நுனி 22 மி.மீ.யில் தொடங்கி அடிப்பக்கம் 25 ஆகட்டும். கையால் தள்ளினால் நுழைய வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது. உலர்ந்த நாளில் இறுக்கமாகச் செருகிய கழுந்து மழைக்காலத்தில் உப்பி, வளையத்தையே பிளக்கும்.

மரத்துக்குப் பச்சை ஆளி விதை எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. இந்த ஈரத்தில் அது கரும்பூஞ்சைக்கு உணவாகிறது. டங் மர விதை எண்ணெய் மெல்லிய பூச்சாக மூன்று கை போடுவது மேல். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போட்டபின் அப்புறப்படுத்துங்கள்.

இறுக்கு நாடா

கூரைக் கழிகள் அத்தனையும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படியோ, அப்படி இந்தச் சுவருக்கு மேல்விளிம்பில் ஓடும் நாடா. கழி, துணி, ஃபெல்ட் (அழுத்திய கம்பளி விரிப்பு) எல்லாம் சேர்ந்தாலும் கூரை எடை 170 கிலோ அளவுதான். நாடாவில் விழும் இழுவை இருபத்தைந்து கிலோவைத் தாண்டாது. ஈரப்பனி கனமாக விழுந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். இரண்டு டன் தாங்கும் 50 மி.மீ. ராட்செட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும்) நாடாவுக்கு இது ஒன்றுமே இல்லை. அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம். பார்க்க வேண்டியது அது எவ்வளவு நீள்கிறது என்பதை.

17.3 மீட்டர் நாடா வெறும் 2 சதவீதம் நீண்டால் 35 செ.மீ. வெறும் 35 செ.மீ.தானே என்று தோன்றும். சுவரின் விட்டம் 11 செ.மீ. விரியும், உச்சி வளையம் கிட்டத்தட்ட 8 செ.மீ. கீழே இறங்கும். கூரைத்துணி தொய்ந்து, தண்ணீர் குளம் கட்டி, அந்த எடை இன்னும் கீழே இழுக்கும். நைலான் நாடா நனைந்தால் இந்த அளவுக்கு மேலேயே நீளும். பாலியஸ்டர் நனைந்தாலும் பெரிதாக மாறாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். நாடா வாசல் நிலையின் ஒரு தூணில் தொடங்கி, சுவர் கவடுகளுக்குச் சற்றுக் கீழே சுற்றி வந்து, மறு தூணில் ராட்செட்டில் முடியட்டும். நடுச்சுவரில் இன்னொன்று போட்டால் சுவர் வயிறு தள்ளாது.

நிறுத்தும் வரிசை

முதலில் வாசல் நிலை. பிறகு ஐந்து பின்னல் துண்டுகளை விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டுங்கள். நடு ஆணியில் இருந்து எட்டுத் திசையில் சுவருக்கு அளவு எடுங்கள். 2 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் இப்போதே உதைத்துச் சரி செய்ய வேண்டும். முட்டை வடிவமாக நின்றுவிட்டால் வளையம் ஒரு பக்கம் சாயும். கழிகள் ஏறிய பிறகு திருத்த வழியில்லை. நாடாவை இறுக்காமல் கழியை எடுக்காதீர்கள்.

வளையத்தை ஏற்ற மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஏணிமேடையில் நின்று வளையத்தைத் தலைக்கு மேல் பிடிக்க, மற்ற இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நான்கு கழிகளை மாட்டி அடியைக் கவட்டில் கட்டுவார்கள். அந்த நான்கும் நின்றதும் வளையம் தானாக நிற்கும். அதன் பிறகும் எதிரெதிராகவே போட வேண்டும். ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே போனால் வளையம் மறுபக்கம் புரளும். எட்டுக் கழி ஏறும்வரை யாரும் கீழே நிற்கக் கூடாது.

துணி

வெளித்துணி 12 அவுன்ஸ் பாலிகாட்டன் கேன்வாஸ், அதாவது சதுர மீட்டருக்கு 400 கிராமுக்குச் சற்று மேல். பூஞ்சைத்தடுப்பும் தீத்தடுப்பும் ஏற்றியது. பிரிட்டனில் பெரிய கூடாரத் துணிக்கான பி.எஸ். 7837 சான்றைக் கேட்டு வாங்குங்கள், தீ ஆபத்து மதிப்பீட்டில் அது வேண்டியிருக்கும். கூரை நேர்க்கூம்பாக இருந்தால் 3.36 மீட்டர் ஆரத்தில் 295 பாகை வட்டத்துண்டு என்று கணக்குப் போட்டு வெட்டிவிடலாம். வளைந்த கழிக்கு அந்தக் கணக்கு தோளில் பொருந்தாது. சட்டகத்தை நிறுத்தி, மலிவான துணியை மேலே போட்டு, குண்டூசி குத்தி அளவு எடுத்து வெட்டுவதே பிழையில்லாத வழி. சுவர்த்துணிக்கு நீளத்திலும் உயரத்திலும் சுருக்கத்துக்காக 3 சதவீதம் கூடுதல் விடுங்கள். தையலில் மேல்துணி கீழ்த்துணியின் மேல் ஓடு வேய்ந்தது போலப் படிய வேண்டும். கூரைத்துணி சுவரின் மேல் 25 செ.மீ. இறங்கட்டும்.

புதுத் துணி முதல் மழையில் ஊசித்துளை வழியே கசியும். நூல் நனைந்து உப்பியதும் துளை அடைபடும். இரண்டு முறை நனைத்துக் காயவிட்ட பிறகும் கசிந்தால்தான் மெழுகு பூச வேண்டும்.

உள்ளே 6 முதல் 8 மி.மீ. கம்பளி ஃபெல்ட், அதற்கும் உள்ளே பருத்தி மேற்கட்டி. வெளிக்கேன்வாஸின் உட்புறத்தில் கட்டிலோ அலமாரியோ ஒட்டி நிற்கக் கூடாது, தொட்ட இடத்தில் நீர் உள்ளே ஊறும். பண்ணையிலேயே ஆடு இருக்கிறது, ஃபெல்ட்டை நாமே செய்யலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். செய்யலாம், ஆனால் கொழுப்புப் போகக் கழுவி, போராக்ஸ் கரைசலில் முக்கி எடுக்காத கம்பளியில் அந்துப்பூச்சி நிச்சயம்.

நான்கு பேர் உள்ளே தூங்கினால் ஓர் இரவில் மூச்சிலேயே ஒரு லிட்டருக்கு மேல் நீராவி சேரும். உச்சி வளையத்தின் தெளிந்த மூடியை முழுக்க அடைத்தால் அது அங்கேயே குளிர்ந்து படுக்கையில் சொட்டும். மூடியை 3 செ.மீ. தூக்கி வைக்கும் கட்டைகள் நான்கு போதும். புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் இறக்கி இறுக்குங்கள். அப்போது கதவும் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். கூரைக்கு மேல் குறுக்காக நான்கு நாடாக்கள் போட்டுத் தளத்தின் சட்டத்தோடு கட்டிவிடுவது நல்லது.

அடுப்பு

4 அல்லது 5 கிலோவாட் விறகடுப்பு தாராளம். பெரியது வாங்கினால் விருந்தினர் சூடு தாங்காமல் காற்றை அடைத்துப் புகையவிடுவார்கள். குழாயில் தார் படியும். 125 மி.மீ. ஒற்றைச் சுவர்க் குழாய், எரியக்கூடிய எதிலிருந்தும் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 375 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். துணியைக் கடக்கும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாய்தான். அதையும் கூரை வழியே விடாமல் சுவர் வழியே வெளியே எடுத்து மேலே ஏற்றுவது இந்த மழைக்கு ஏற்றது; கூரையில் போடும் எந்த ஓட்டையும் ஒரு நாள் ஒழுகும். வெளிக்குழாய்க்குத் தனிக் கம்பம் நடுங்கள். காற்றில் யர்ட் அசையும், குழாய் அசையக் கூடாது. உச்சி யர்ட்டின் முடியைவிட உயரமாக, அடுப்பில் இருந்து மொத்தம் 4.5 மீட்டர் வந்தால் இழுவை நன்றாக இருக்கும். ஒற்றைச் சுவர்க் குழாய்களின் ஒடுங்கிய முனை கீழ்நோக்கி இருக்கட்டும், தார் உள்ளுக்குள்ளேயே வழிந்து அடுப்பில் எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் மூட்டுக்கு மூட்டு வெளியே கசியும்.

குழாய் உச்சியில் தீப்பொறி வலை இல்லாவிட்டால் கேன்வாஸில் ஊசிமுனை ஓட்டைகள் விழும். வலை இருந்தால் ஈரவிறகின் தார் அதை அடைக்கும், புகை உள்ளே திரும்பும். ஆகவே விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் குத்தாமல், பிளந்து உட்புறத்தில் குத்திப் பாருங்கள். அடுப்பில் இருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்கும், அணைந்துவிட்டது என்று தோன்றினாலும், உள்ளே கொண்டுவரக் கூடாது. இதைக் கதவின் உட்புறத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கட்டண விருந்தினர் தங்குவதால் 2005-ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணை பொருந்தும். எழுத்து மூலமான தீ ஆபத்து மதிப்பீடு வேண்டும். மெழுகுவர்த்தி வேண்டாம்.

மின்சாரம்

ஒரு நாள் செலவு: 3 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம், 60 வாட்-மணி. நான்கு கைப்பேசிக்கு 60. சிறு பம்புக்கு 20. கட்டுப்படுத்தும் கருவியின் சொந்தச் செலவு 20. மொத்தம் 160. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் 1,280 வாட்-மணி இருக்கும்; 85 சதவீதம் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் ஆறு நாள் ஓடும். 200 வாட் பேனல் கோடைக்கு மிக அதிகம், இலையுதிர்காலக் கடைசிக்குச் சரி. 0 பாகை செல்சியஸுக்குக் கீழே இந்த மின்கலத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது, குறைந்த வெப்பத்தில் தானே நிறுத்திக்கொள்ளும் வகையை வாங்குங்கள்.

அடிக்கடி பிசகுவது கம்பியின் தடிமன். மின்கலப் பெட்டி 12 மீட்டர் தள்ளி இருந்து, 2.5 சதுர மி.மீ. கம்பியில் 5 ஆம்பியர் போனால் போகவர 24 மீட்டரில் 0.9 வோல்ட் காணாமல் போகும். மின்கலம் நிறைந்திருந்தாலும் சார்ஜர் அடிக்கடி துண்டிக்கும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள். ஃபியூஸ் மின்கலத்தின் நேர்முனையில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

தண்ணீரும் கழிப்பறையும்

பண்ணை ஊற்று அல்லது ஆழ்துளைக் கிணற்றில் இருந்து விருந்தினருக்குத் தண்ணீர் கொடுத்தால், அது தனியார் குடிநீர் விதிகளின் கீழ் வரும். உள்ளாட்சி ஆய்வும் மாதிரிச் சோதனையும் உண்டு. 5 மைக்ரான் வடிகட்டியும் புறஊதா விளக்கும் வேண்டியிருக்கும். சோலார் கணக்கு கவிழ்வது இங்கேதான். 25 வாட் புறஊதா விளக்கு 24 மணி நேரமும் எரிந்தால் 600 வாட்-மணி, யர்ட்டின் மற்ற எல்லாச் செலவையும் சேர்த்ததைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! சுத்திகரிப்பைப் பண்ணை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, 25 மி.மீ. நீலப் பாலித்தீன் குழாயை 75 செ.மீ. ஆழத்தில் புதைத்துக் கொண்டுவருவதுதான் சரியான தீர்வு. குளியலுக்கு வெளியே காற்றோட்டமான கொட்டகையில் கேஸ் ஹீட்டர் போதும். சோப்புத் தண்ணீர் எண்ணெய் வடிகட்டி வழியாக ஜல்லிப் படுகைக்குப் போகட்டும். எந்தக் குடிநீர்க் கிணற்றில் இருந்தும் ஊற்றில் இருந்தும் 50 மீட்டர் தள்ளி.

கழிப்பறை உலர்வகை. சிறுநீரைப் பிரிக்கும் இருக்கை, கீழே 240 லிட்டர் சக்கரத் தொட்டி, பக்கத்தில் மரத்தூள். சிறுநீர் பிரிந்தால் நாற்றம் வராது. பிரிக்காமல் தூள் போட்டே சமாளிக்கலாம் என்பவர்கள் ஆகஸ்டில் வந்து பார்க்க வேண்டும். மரத்தூள் சூளையில் உலர்ந்த பொடியாக இருந்தால் நீரை உறிஞ்சாமல் மேலே மிதக்கும். கொஞ்சம் கரடான சீவல் கலந்தது நல்லது. நிறைந்த தொட்டியை மூடி, தேதி எழுதி, குறைந்தது ஓராண்டு ஒதுக்கி வையுங்கள்.

அந்த உரத்தை எங்கே போடுவது என்பதில் இயற்கைப் பண்ணைக்காரர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட உரப் பட்டியலில் மனிதக் கழிவு இல்லை, எத்தனை ஆண்டு மக்கினாலும் இல்லை. சான்று பெற்ற வயலில் ஒரு தொட்டி கொட்டினாலும் அந்த நிலத்தின் சான்று கேள்விக்குள்ளாகும். சான்றுப் பரப்பில் சேராத வில்லோ வரிசை, வேலிமரம், அலங்காரப் புதர் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டு, எங்கே எப்போது போட்டோம் என்று பதிவேட்டில் எழுதிவைத்தால் ஆய்வாளர் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை. பிரித்த சிறுநீருக்கும் இதே கட்டுப்பாடு.

கால்நடைக்கு 3 மீட்டர் தள்ளி மின்வேலி போடுங்கள். மாடு கேன்வாஸை நக்கும், நாடாவில் உடம்பைத் தேய்க்கும். ஆட்டுக்குத் தளத்தின் அடி நல்ல நிழல்.

குளிர்காலம்

தினமும் அடுப்பெரியும் யர்ட் குளிர்காலத்தைத் தாங்கும். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் யர்ட் தாங்காது. அக்டோபர் கடைசியில் இரண்டு உலர்ந்த நாள் சேர்ந்து கிடைத்தால் இறக்கிவிடுவதே நல்லது. துணியைக் கையில் தொட்டால் உலர்ந்தது போல இருக்கும், தையல் மடிப்பில் ஈரம் நிற்கும். ஒவ்வொரு தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு மடித்த கேன்வாஸில் சில நாட்களிலேயே கரும்புள்ளி வரும், அதன்பின் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சோப்புப்பொடியும் பிளீச்சும் நீர்த்தடுப்பைத்தான் கழுவிவிடும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையும் மட்டும்.

காய்ந்த துணியைத் தரையில் அடுக்காமல் கொட்டகை உத்திரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், எலி ஏறாது. கழிகளை மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்துப் படுக்கவையுங்கள்; சுவரில் சாய்த்தால் வசந்தத்துக்குள் புதிதாக ஒரு வளைவு விழுந்திருக்கும். உச்சி வளையம் மட்டமான பலகையில் படுத்திருக்க வேண்டும், ஆணியில் மாட்டினால் வட்டம் கெடும். கழிக்கும் துளைக்கும் இறக்கும்போதே எண் போட்டிருந்தால் ஏப்ரலில் 44 கழுந்துகளும் அததன் துளையில் உட்காரும்.

தளம் வெளியிலேயே இருக்கும். அதைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள், அடியில் வியர்த்து அழுகும். நடுவில் ஒரு மரக்குதிரை வைத்து, தார்ப்பாய் கூரை போலச் சரிந்து நிற்கும்படி கட்டி, நான்கு பக்கமும் ஒரு சாண் காற்றுவழி விடுங்கள்.